எட்டு லட்சம் கோடி ரூபாயைச் சேலத்திலிருந்து பார்த்தால்

ஏற்காட்டிலிருந்து நீங்கள் கேட்டிருப்பது உண்மையில் இரண்டு கேள்விகள். ‘முகேஷ் அம்பானிக்கு எட்டு லட்சம் கோடி ரூபாய் சொத்து என்கிறார்கள். மாதச் சம்பளக்காரனான எனக்கு அந்த எண் மனதில் ஏறவே மறுக்கிறது. நம் ஊர்க் கணக்கில் சொல்ல முடியுமா?’ என்பது ஒன்று. ‘அதைப் பிரித்துக் கொடுத்தால் வறுமை தீர்ந்துவிடாதா?’ என்பது இன்னொன்று. சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளுக்கும் வியாபாரிகளுக்கும் நெடுங்காலமாகக் கணக்கு எழுதி, வரித் தாக்கல் செய்து பிழைப்பவன் நான். அந்தக் கண்ணோடுதான் பதில் சொல்லப் போகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எண் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். ஃபோர்ப்ஸ் பத்திரிகை 2025 ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட உலகப் பட்டியலில் அம்பானியின் சொத்து 9,250 கோடி டாலர். அந்த மார்ச் மாதத்தில் டாலர் ஏறத்தாழ 87 ரூபாய். பெருக்கினால் எட்டு லட்சம் கோடி வருகிறது. அந்தப் பட்டியலில் மொத்தம் 3,028 பேர். அதில் 205 பேர் இந்தியர்கள். உள்ளே நுழையக் குறைந்தது நூறு கோடி டாலர், அதாவது 8,700 கோடி ரூபாய் வேண்டும். இந்த எண்கள் பங்குச் சந்தையோடு நாள்தோறும் ஏறி இறங்குபவை. நீங்கள் இதைப் படிக்கும் நாளில் வேறாக இருக்கும். அளவைப் புரிந்துகொள்ள அது தடையில்லை.

ஒரு லட்சம் வினாடி எத்தனை நாள், ஒரு கோடி வினாடி எத்தனை மாதம் என்ற கணக்கைப் பலரும் சொல்லிவிட்டார்கள். அதை விட்டுவிடுகிறேன். சேலத்துக்காரருக்கு அதைவிடப் பொருத்தமான அளவுகோல் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது: மேட்டூர் அணை.

ஒரு ரூபாயை ஒரு லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மாபேட்டையில் ஒரு சாதாரணக் குடும்பம்; 28 லட்சம் பெறும் சின்ன வீடு, 15 பவுன் நகை, வங்கியில் இரண்டு லட்சம். பவுன் 65,000 ரூபாய் விற்ற அதே மார்ச் மாதக் கணக்கில், மொத்தம் 40 லட்சம் என்று கொள்ளலாம். கடன் இல்லை. நம் ஊரில் இது நல்லபடியாக வாழும் குடும்பம்தான். 40 லட்சம் லிட்டர் தண்ணீர் எவ்வளவு இருக்கும்? கொங்குப் பக்கத்துத் தோட்டங்களில் 40 அடிக்கு 40 அடி அகலத்தில் வெட்டிய சதுரக் கிணறுகளைப் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒரு கிணறு 88 அடி ஆழத்துக்கு விளிம்பு வரை நிறைந்து நின்றால் ஏறத்தாழ 40 லட்சம் லிட்டர். ஒரு குடும்பம் இரண்டு தலைமுறை உழைத்துச் சேர்த்தது ஒரு கிணறு.

இப்போது மேட்டூருக்குப் போவோம். 1934 இல் கட்டி முடித்த அந்த அணை, 120 அடி நீர்மட்டத்தில் பிடித்து வைப்பது 93.47 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம், ஒரு டி.எம்.சி. 2,832 கோடி லிட்டர். அப்படியானால் அணை முழுதும் நிறைந்தால் ஏறத்தாழ 2.65 லட்சம் கோடி லிட்டர். எட்டு லட்சம் கோடி ரூபாய்க்கு இப்படி மூன்று மேட்டூர் அணைகள் வேண்டும். மூன்றும் 120 அடியைத் தொட்டு நிற்க வேண்டும்.

இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். ‘அணையிலிருந்து வினாடிக்கு 10,000 கன அடி வீதம் தண்ணீர் திறப்பு’ என்று செய்தி வரும்போது, திறக்கும் மதகு முன்னால் நின்றவர்களுக்கு அந்த இரைச்சல் தெரியும். நம் கணக்கில் அது வினாடிக்கு 2 லட்சத்து 83 ஆயிரம் ரூபாய். அம்மாபேட்டைக் கிணறு பதினைந்து வினாடிக்குள் காலி. அதே வேகத்தில் இரவு பகலாகச் செலவு செய்தாலும், ஒரு சொட்டு நீர்வரத்தும் இல்லாவிட்டாலும், மூன்று அணைகளும் வற்ற ஏறத்தாழ பதினொரு மாதம் ஆகும். ஃபோர்ப்ஸ் பட்டியலில் கடைசியில் நிற்பவரிடம் இருப்பதே மூன்று டி.எம்.சி. தூத்துக்குடி மாவட்டத்தில் பிறந்த ஷிவ் நாடாரின் 3,450 கோடி டாலர், ஒரு மேட்டூருக்குக் கொஞ்சம் மேல். 2025 அக்டோபரில் 50,000 கோடி டாலரைத் தொட்டதாக ஃபோர்ப்ஸ் சொன்ன எலான் மஸ்க்குக்குப் பதினாறு மேட்டூர்கள்கூடப் போதா.

இதில் பலர் கவனிக்காமல் விடும் ஒன்று உண்டு. சேலத்தில் நாம் ‘பெரும் பணக்காரர்’ என்று சொல்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜவ்வரிசி ஆலை, லீ பஜாரில் மண்டி, ஐந்து ரோட்டில் வணிக வளாகம், ஏற்காட்டில் காப்பித் தோட்டம் எல்லாம் சேர்த்து அவருக்கு 100 கோடி இருக்கட்டும். அவரிடம் 250 கிணறுகள். நமக்கு அண்ணாந்து பார்க்கும் உயரம்தான். ஆனால் அம்பானியிடம் இருப்பது அவருடையதைப்போல 8,000 மடங்கு. அம்மாபேட்டைக்காரருக்கும் ஆலை முதலாளிக்கும் இடையே உள்ள தூரத்தைவிட, ஆலை முதலாளிக்கும் அம்பானிக்கும் இடையே உள்ள தூரம் பல மடங்கு பெரிது. ‘பணக்காரர்களுக்கு வரி’ என்று யாராவது பேச்செடுத்தால் லீ பஜார் முதலாளிகள் தங்களைச் சொல்வதாக நினைத்துப் பதறுவதை நான் பார்த்திருக்கிறேன். ஐயா, இந்தக் கணக்கில் நீங்களும் நானும் ஒரே பக்கம்.

கூலிக் கணக்கையும் ஒருமுறை போட்டுவிடலாம். 2025-26 இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நூறு நாள் வேலைக் கூலி நாளுக்கு 336 ரூபாய். நூறு நாளும் முழுதாக வேலை கிடைத்து, ஒரு பைசாவும் செலவழிக்காமல் சேர்த்தால் ஆண்டுக்கு 33,600. எட்டு லட்சம் கோடி சேர 23 கோடியே 80 லட்சம் ஆண்டுகள் ஆகும். டைனோசர்கள் பூமியில் தோன்றிய காலத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தால் இப்போது ஓய்வு பெறலாம்.

ஆனால் இந்தக் கூலிக் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. சம்பளம் வாங்கிச் சேர்த்த பணம்போல அந்தச் சொத்தை அது காட்டுகிறது. அம்பானி அப்படிச் சேர்க்கவில்லை. 2008-09 முதல் தன் ஆண்டுச் சம்பளத்தை 15 கோடி என்று நிறுத்தி வைத்திருந்தவர், 2020-21 முதல் ரிலையன்ஸ் நிறுவனத்திடமிருந்து சம்பளமே வாங்குவதில்லை. பிறகு எட்டு லட்சம் கோடி எங்கே இருக்கிறது? பெட்டகத்தில் இல்லை, வங்கிக் கணக்கிலும் இல்லை.

செவ்வாய்ப்பேட்டையில் நடப்பதை வைத்துச் சொல்கிறேன். வியாபாரி வெள்ளியை எடை போட்டுப் பட்டறைக்குக் கொடுப்பார். உருக்கி, கம்பி இழுத்து, பற்றவைத்து, மெருகேற்றிக் கொலுசாக்கித் திரும்பக் கொடுத்தால், சேதாரம் கழித்துக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. 2024 தொடக்கத்தில் வெள்ளி கிலோ 75,000 ரூபாயை ஒட்டி இருந்தது. 2025 இல் ஒரு லட்சத்தைத் தாண்டிப் போனது. கையில் 100 கிலோ வைத்திருந்த வியாபாரிக்கு, ஒரு கொலுசுகூடக் கூடுதலாக விற்காமல் 25 லட்சம் ஏறிவிட்டது. அவர் கணக்கில் அது வருமானமாக வராது, விற்றால்தான் வரும். கொலுசைச் செய்தவருக்கு? கூலி எடைக்குத்தான், விலைக்கு இல்லை. விலை ஏறினால் ஆர்டர் குறையும், வாரத்தில் இரண்டு நாள் பட்டறை மூடிக் கிடக்கும். ஒரே பொருள், ஒரே விலையேற்றம். ஒருவருக்குச் சொத்து, இன்னொருவருக்கு வேலையிழப்பு. பெரும் பணக்காரர்களின் சொத்து வளரும் விதம் இதுதான். வெள்ளி இருக்கும் இடத்தில் பங்கு இருக்கிறது, அவ்வளவே.

ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்துக்கு ஏறத்தாழ 1,353 கோடி பங்குகள். அதில் பாதி அம்பானி குடும்பத்தின் கையிலும் அவர்களுடைய நிறுவனங்களின் கையிலும் இருக்கிறது; சுமார் 676 கோடி பங்குகள். பங்கு விலை ஒரு ரூபாய் ஏறினால் சொத்து 676 கோடி ஏறும், ஒரு ரூபாய் இறங்கினால் அவ்வளவும் இறங்கும். சேலத்திலிருந்து சென்னைக்கு எட்டு வழிச்சாலை போடுவதாக 2018 இல் அறிவித்தார்களே, நினைவிருக்கிறதா? 277 கிலோமீட்டர், சுமார் 10,000 கோடி ரூபாய்த் திட்டம். நிலம் போகிறதே என்று விவசாயிகள் கதறினார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் தாண்டி உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த 10,000 கோடி, ரிலையன்ஸ் பங்கு விலை 15 ரூபாய் ஏறினால் ஒரே நாளில் வந்துவிடும். 2025 மார்ச்சில் 1,250 ரூபாயை ஒட்டி விற்ற பங்குக்கு 15 ரூபாய் ஏறுவது செய்தியே இல்லை. சந்தை மூடும்போது 3.6 டி.எம்.சி. கூடியிருக்கும், மறுநாள் குறைந்தும் இருக்கும்.

அப்படியானால் இது வெறும் காகிதக் கணக்கா? அப்படிச் சொல்லி ஒதுக்குபவர்களும் இருக்கிறார்கள். 2023 ஜனவரி 24 அன்று ஹிண்டன்பர்க் என்ற அமெரிக்க நிறுவனம் அதானி குழுமத்தைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. குழுமம் அதை மறுத்தது. ஆனாலும் ஒரு மாதத்துக்குள் குழுமப் பங்குகளின் சந்தை மதிப்பில் 10,000 கோடி டாலருக்கு மேல் கரைந்தது. நம் அளவில் மூன்று மேட்டூர். அந்தப் பணம் யார் வீட்டுக்கும் போகவில்லை; குழுமம் நடத்தும் எந்தத் துறைமுகமும் அன்று மூழ்கவில்லை. பிற்பாடு பங்குகள் பெருமளவு மீண்டன. ஆகவே விலை என்பது, அந்த நாளில் சந்தை நம்பும் எதிர்காலத்தின் மதிப்பு. அம்பானி தன் பங்குகள் முழுவதையும் ஒரே வாரத்தில் விற்கப் போனால், எட்டு லட்சம் கோடி கைக்கு வராது. விற்கிறார் என்ற செய்தியிலேயே விலை சரிந்துவிடும்.

இருந்தாலும் ‘காகிதம்’ என்ற சொல் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. அந்தக் காகிதம் விற்காமலேயே காசு தருகிறது. 2024-25 நிதியாண்டுக்கு ரிலையன்ஸ் அறிவித்த ஈவுத்தொகை, அதாவது லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் தொகை, பங்குக்கு ஐந்தரை ரூபாய். நம் போன்றவர்களிடம் பத்துப் பங்கு இருந்தால் 55 ரூபாய் வந்திருக்கும்; பல பேர் அதைக் கவனித்திருக்கவே மாட்டார்கள். 676 கோடி பங்குகளுக்கு அது 3,700 கோடி ரூபாய்க்கு மேல். நாளுக்குப் பத்துக் கோடி. வரி பிடிப்பதற்கு முந்தைய கணக்கு இது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மணிக்குப் பிரித்தால் 42 லட்சம். நீங்கள் சேலத்தில் பஸ் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, ஏற்காடு ஏரிக்கரையில் இறங்க ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். அந்தப் பயணத்துக்குள் அம்மாபேட்டைக் குடும்பத்தின் வீடு, நகை, சேமிப்பு அத்தனைக்கும் ஈடான தொகை அங்கே சேர்ந்துவிடுகிறது. அணைக் கணக்கில் சொன்னால் இந்த நீர்வரத்து வினாடிக்கு 42 கன அடிதான். ஒரு சின்ன வாய்க்கால். மூன்று அணைகளை நிரப்பியது இந்த வாய்க்கால் இல்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது. நிரப்பியது விலையேற்றம்.

இன்னொரு வழியும் உண்டு. வீட்டில் அவசரம் என்றால் நம் பெண்கள் நகையை விற்பதில்லை, அடகு வைக்கிறார்கள். பங்குகளையும் அப்படி அடமானம் வைத்துக் கடன் வாங்கலாம். விற்காததால் ஆதாய வரி இல்லை. கடன் என்பதால் வருமான வரியும் இல்லை. நிறுவனத்தை நடத்துபவர்கள் பங்கை அடமானம் வைத்தால் சந்தைக்கு அறிவிக்க வேண்டும் என்று, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பு விதி வைத்திருக்கிறது. ஆர்வம் இருந்தால் எந்த நிறுவனத்துக்கும் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

சரி, இவ்வளவு பணம் ஒரு மனிதருக்கு எப்படித் தோன்றும்? இதற்கு விகிதக் கணக்கைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை. 40 லட்சத்துக்கும் எட்டு லட்சம் கோடிக்கும் இடையே 20 லட்சம் மடங்கு. ஆகவே அம்மாபேட்டைக் குடும்பத்தின் ஒரு ரூபாய், அவருக்கு 20 லட்சம் ரூபாய். சாயங்காலம் தெருமுனையில் நின்று 30 ரூபாய்க்குத் தட்டுவடை செட் சாப்பிடுகிறோம். அவர் அந்த அலட்சியத்தோடு ஆறு கோடி செலவழிக்கலாம். நாம் கோயில் உண்டியலில் 500 ரூபாய் போட்டால் வீட்டில் யாரும் கேட்கமாட்டார்கள். அது அங்கே 100 கோடி. ‘தொழிலதிபர் 100 கோடி நன்கொடை’ என்று முதல் பக்கத்தில் வரும் செய்திகளை இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துப் பாருங்கள்.

2024 ஜூலையில் நடந்த அவர்கள் வீட்டுக் கல்யாணத்தைத் தொலைக்காட்சியில் பார்க்காத வீடு இருக்காது. செலவு 5,000 கோடி என்று பத்திரிகைகள் எழுதின. குடும்பம் உறுதி செய்த கணக்கு இல்லை. ஆனாலும் ஒரு பேச்சுக்கு அதையே எடுத்துக்கொள்வோம். 20 லட்சத்தால் வகுத்தால் 25,000 ரூபாய். 40 லட்சம் சொத்துள்ள குடும்பம் 25,000 ரூபாயில் கல்யாணத்தை முடித்ததாக அர்த்தம். நம் ஊரில் அந்தப் பணத்துக்கு மண்டபத்து வாடகைகூட வராது. பெண்ணைக் கட்டிக் கொடுக்க வீட்டுப் பத்திரத்தை வைத்து எட்டு லட்சம், பத்து லட்சம் கடன் வாங்கியவர்களின் கணக்கை நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘என்ன ஆடம்பரம்!’ என்று உலகமே வாயைப் பிளந்த கல்யாணம், சொத்து விகிதத்தில் பார்த்தால் பரம சிக்கனம். ஆடம்பரம் செய்பவர்கள் நாம்தான்.

விகிதக் கணக்குக்கும் ஓர் எல்லை உண்டு. வயிறு எல்லோருக்கும் ஒரே அளவு. நமக்கு 500 ரூபாய் என்றால் அந்த வாரம் கறி இல்லை என்று ஆகலாம். அவருக்கு 100 கோடி போனால் எதுவும் நிற்காது. அதனால் இந்தக் கணக்கு வித்தியாசத்தைக் குறைத்துத்தான் காட்டுகிறது. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அஸிம் பிரேம்ஜி 2019 மார்ச்சில் விப்ரோ பங்குகளில் மேலும் ஒரு பெரும் பகுதியை அறக்கட்டளைக்கு ஒதுக்கினார்; அதோடு அறக்கட்டளைக்குச் சேர்ந்தது நிறுவனத்தின் 67 சதவீதப் பலன். அதையும் சேர்த்து அவர் அதுவரை ஒதுக்கிய மொத்தம், அன்றைய மதிப்பில் 1,45,000 கோடி ரூபாய். அதை உண்டியல் காசோடு வைத்துப் பார்க்க முடியாது. மூன்று அறை வீட்டில் இரண்டு அறையை ஊருக்கு எழுதிக் கொடுத்ததற்குச் சமம்.

செலவு செய்யும் பணமாக மட்டும் இந்தச் சொத்தைப் பார்த்தால் பாதிதான் புரியும். மூன்று அணைத் தண்ணீரை ஒரு குடும்பம் குடித்துத் தீர்க்க முடியாது. குறுவைக்கு ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்குமா திறக்காதா என்று தஞ்சாவூர் விவசாயி ஏன் நம் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார்? மதகு இங்கே இருப்பதால். பங்கில் பாதி கையில் இருந்தால், ஒரு நிறுவனம் எங்கே முதல் போடும், எதை மூடும், எதை மலிவாக விற்று யாரை வெளியேற்றும் என்ற முடிவு கையில் இருக்கிறது. 2016 செப்டம்பரில் ரிலையன்ஸின் ஜியோ வந்தபோது நாடு முழுக்க டேட்டா விலை விழுந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பல தொலைபேசி நிறுவனங்கள் காணாமல் போயின அல்லது ஒன்றோடொன்று இணைந்தன. ஏற்காட்டில் இருந்துகொண்டு நீங்கள் இந்தக் கேள்வியை அனுப்ப முடிந்ததில்கூட அந்த முடிவுக்குப் பங்கு உண்டு. நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. தேர்தலில் நிற்காத ஒருவர் எடுத்த முடிவு அது.

இனி இரண்டாவது கேள்வி. பிரித்துக் கொடுத்தால்?

பங்கு விலை சரியும் என்ற சிக்கலை மறந்துவிட்டு, எட்டு லட்சம் கோடியும் ரொக்கமாக இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி சேலம் மாநகராட்சியில் 8,29,267 பேர். அவர்களுக்கு மட்டும் பிரித்தால், கைக்குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் 96 லட்சம் ரூபாய். நாலு பேர் உள்ள வீட்டுக்குக் கிட்டத்தட்ட நாலு கோடி. சேலம் மாவட்டம் முழுதும், அதாவது ஏற்காட்டில் இருக்கும் உங்களையும் சேர்த்து 34.82 லட்சம் பேருக்கு, தலைக்கு 23 லட்சம். தமிழ்நாடு முழுக்க என்றால் 7.21 கோடிப் பேருக்கு, ஒரு லட்சத்துப் பதினோராயிரம். இந்தியா முழுக்க 145 கோடி என்று வைத்தால் 5,500 ரூபாய். அவ்வளவுதான். ஒரே ஒரு முறை. நாலு பேர் குடும்பத்துக்கு 22,000. அந்த மார்ச் விலையில் ஒரு பவுனில் மூன்றில் ஒரு பங்கு.

இந்த இரண்டு எண்களையும், 96 லட்சத்தையும் 5,500 ஐயும், சேர்த்தே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் சொல்பவர் உங்களிடம் எதையோ விற்க வருகிறார். ஒரு மனிதரிடம் ஒரு நகரத்தையே லட்சாதிபதியாக்கும் சொத்து இருப்பதும் உண்மை. இந்த நாட்டின் அளவு அந்தச் சொத்தையும் விழுங்கிவிடும் என்பதும் உண்மை. தமிழ்நாடு அரசின் 2025-26 பட்ஜெட்டில் மொத்தச் செலவு 4.39 லட்சம் கோடி ரூபாய். எட்டு லட்சம் கோடி கிடைத்தால் நம் ஒரு மாநில அரசை இரண்டு ஆண்டு முழுதாக நடத்த முடியாது. அதே பணத்தில், அந்த பட்ஜெட்டின்போது 1.15 கோடிப் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தந்த மகளிர் உரிமைத் தொகையை 58 ஆண்டு தரலாம். எதோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து ஒரே தொகை பெரிதாகவும் சிறிதாகவும் தெரியும்.

‘மஸ்கின் சொத்து தமிழ்நாட்டின் பொருளாதாரத்தைவிடப் பெரிது’ என்ற வகைச் செய்திகளைப் பார்த்தால் மட்டும் கொஞ்சம் நிதானியுங்கள். மாநிலத்தின் உற்பத்தி என்பது ஓர் ஆண்டில் நடப்பது. சொத்து என்பது ஆயுள் முழுக்கச் சேர்ந்து நிற்பது. ஒருவரின் நிலத்து மதிப்பையும் இன்னொருவரின் ஆண்டுச் சம்பளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவதுபோன்றது அது. அப்படி ஒரு கணக்கை என்னிடம் கொண்டுவந்தால் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

இந்தியப் பட்டியலில் உள்ள 205 பேருக்கும் சேர்த்துச் சொத்து 94,100 கோடி டாலர், ஏறத்தாழ 82 லட்சம் கோடி ரூபாய். முழுவதையும் பிடுங்கிப் பிரித்தாலும் தலைக்கு 56,000 ரூபாய்தான். மறு ஆண்டு பிடுங்க ஒன்றும் இருக்காது. அந்த ஆலைகளை யார் நடத்துவது என்ற கேள்விதான் மிஞ்சும். ஆனால் ஆண்டுக்கு இரண்டு சதவீதம் என்று வையுங்கள். 1.64 லட்சம் கோடி வருகிறது, ஆண்டுதோறும். மத்தியச் சுகாதார அமைச்சகத்துக்கு 2025-26 பட்ஜெட்டில் ஒதுக்கியது கிட்டத்தட்ட ஒரு லட்சம் கோடி. இரண்டு சதவீதம் போனாலும் அந்த 205 பேரில் யார் வீட்டிலும் அடுப்பு அணையாது. நல்ல ஆண்டுகளில் பங்கு விலை ஏறுவதே அதைவிடப் பல மடங்கு. ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: ஒருமுறை பிரித்துக் கொடுப்பதால் தீராது, ஆண்டுதோறும் சிறிது எடுப்பதால் கணிசமாக ஏதாவது செய்யலாம். எடுப்பது எளிதா என்றால், இல்லை. விலை ஏறி இறங்கும் பங்கை எந்த நாளில் மதிப்பிடுவது, ரொக்கம் இல்லை என்றால் எதை விற்று வரி கட்டுவது, வேறு நாட்டுக்குக் குடிபெயர்ந்தால் என்ன செய்வது என்று உண்மையான சிக்கல்கள் இருக்கின்றன.

இந்தியாவில் அப்படி ஒரு வரி ஏற்கெனவே இருந்தது என்பது இளைஞர்கள் பலருக்குத் தெரிந்திருக்காது. 1957 முதல் 2015 வரை சொத்து வரி என்று தனிச் சட்டமே இருந்தது. நகராட்சிக்கு வீட்டுக்குக் கட்டுகிறோமே, அது வேறு. 1953 முதல் 1985 வரை, இறந்தவர் விட்டுச் சென்ற சொத்துக்கும் வரி இருந்தது. கடைசி ஆண்டுகளில் சொத்து வரி 30 லட்சத்துக்கு மேல் உள்ள மதிப்புக்கு ஒரு சதவீதம். சேலத்தில் எனக்குத் தெரிந்து இந்தப் படிவத்தை நிரப்பியவர்கள் வியாபாரிகள், மருத்துவர்கள், பரம்பரை நகை வைத்திருந்த குடும்பங்கள். மனைவியின் நகை, கார், நகரத்துக்குள் சும்மா கிடக்கும் காலி மனை எல்லாம் கணக்கில் வரும். நகையை எடை போட்டு மதிப்புச் சான்றிதழ் வாங்கி வைக்க வேண்டும். வியாபாரச் சரக்காக இருக்கும் வெள்ளிக்கு மட்டும் விலக்கு. பங்குகளுக்கு? 1993 முதல் முழு விலக்கு. முதலீடு பெருக வேண்டும் என்பது அரசு சொன்ன காரணம். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பாட்டியின் ஒட்டியாணத்துக்கு வரி உண்டு. பல ஆயிரம் கோடிப் பங்குக்கு இல்லை. பெரும் சொத்து இருக்கும் இடத்தை விட்டுவிட்டு வலை வீசினால் மீன் எவ்வளவு விழும்? 2013-14 இல் நாடு முழுக்க வசூலானது 1,008 கோடி ரூபாய். வசூல் செய்யும் செலவும் தொல்லையும் அதிகம், வருமானம் குறைவு என்று 2015 பட்ஜெட்டில் அருண் ஜெட்லி அதை நீக்கினார். பதிலாக, ஆண்டு வருமானம் ஒரு கோடிக்கு மேல் உள்ளவர்களுக்கு இரண்டு சதவீதக் கூடுதல் மிகைவரி, அதாவது கட்டும் வரியின் மேல் இன்னொரு வரி, வந்தது. அது வருமானத்துக்கு உரியது. சம்பளமே வாங்காதவரின் பங்கு விலை ஏறுவதை அது தொடாது.